ஆற்றில் விழுந்த புள்ளி

1

எங்கள் மினிட்ஸ் புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில் இரண்டு வரி வெறுமையாகக் கிடக்கிறது. மேலே ‘பொருள் 4: புதிய கிடங்கு அமைக்கும் இடம்’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது. கீழே தீர்மானம் இருக்கிறது. நடுவில் ஒன்றுமில்லை. வருடாந்தரத் தணிக்கைக்கு வந்தவர் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சுழி போட்டுவிட்டு, “இங்க என்னம்மா விட்டுப்போச்சு?” என்றார்.

“பேனா எழுதல சார்.”

“ரெண்டு வரிக்கு மட்டுமா?”

“ஆமா சார்.”

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பக்கத்தைத் திருப்பினார்.

அன்று சொல்லாமல் விட்ட பதில்தான் இந்தக் கதை. அவர் இதைப் படிக்கப்போவதில்லை. ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

என் பெயர் கவிப்ரியா. தஞ்சாவூருக்கும் வலங்கைமானுக்கும் நடுவில், பதினான்கு ஊர் விவசாயிகள் பங்கு போட்டு நடத்தும் நெல் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறேன். நெல்லை வாங்கி, அரைத்து, அரிசியாக்கித் தஞ்சாவூர், கும்பகோணம், சென்னை என்று அனுப்புகிறோம். வரும் மூட்டைகளுக்கு ரசீது போட்டுக் கணினியில் ஏற்றுவதும் கூட்டங்களுக்குக் குறிப்பெழுதுவதும் என் வேலை. மேசையின் இரண்டாவது இழுப்பறையில் எப்போதும் ஒரு மொழிபெயர்ப்பு நாவல் இருக்கும். அந்த நாவல்களில் என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் பனியில் நனைந்த மேலங்கியை அடுப்பருகே காயப்போடுவார்கள். பிறகு அவர்களுக்கு ஏதாவது நடக்கும். எங்கள் அலுவலகத்தில் காயப்போடுவது சாக்குகளை மட்டும்தான்.

இது என் கதையாக இருக்கவேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். எனக்கு எதிர்மேசையில் இருக்கும் இசைவாணிக்குக் கொடுத்துவிட்டேன். (எவ்வளவு தூரம் கொடுக்க முடிந்தது என்பது ஐந்தாம் பகுதியில் தெரியும்.)

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

“மார்கழிப் பனி ஆற்றின்மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போல —”

[நடந்தது மாசியில். பனியே கிடையாது. இது நான் படித்த ஏதோ ஒரு நாட்டின் பனி.]

“பொருளை எங்கே வைப்பது என்பது மனிதன் முதன்முதலாகக் கேட்ட கேள்விகளில் —”

[இசைவாணி படித்துவிட்டு, “இது யாரு, கலெக்டர் பேசுறாரா?” என்றாள்.]

“இசைவாணிக்குப் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்தார்கள்.”

இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை.

இசைவாணிக்குப் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்தார்கள். கம்பெனிக்குச் சொந்தக் கிடங்கு கிடையாது. தஞ்சாவூர் பைபாஸில் ஒன்று, கும்பகோணம் சாலையில் ஒன்று என இரண்டு வாடகைக் கிடங்குகள். ஊரிலிருந்து வரும் நெல் முதலில் அங்கே போகும். அங்கிருந்து அரைக்க ஆலைக்கு வரும். அரிசியாகித் திரும்பவும் அங்கே போகும். ஒரே மூட்டைக்கு மூன்று தடவை ஏற்றுக்கூலி, மூன்று தடவை இறக்குக்கூலி. அறுபது கிலோ மூட்டை ஊர் சுற்றிப் பார்த்த அளவுக்கு நான் பார்த்ததில்லை. ஐந்நூறு டன் கிடங்கு கட்ட மானியம் தருவதாக அரசாங்கம் சொல்லியிருந்தது. எந்த இடத்தில் கட்டினால் லாரிச் செலவும் வைப்புச் செலவும் குறையும் என்று கண்டுபிடித்து, இயக்குநர் கூட்டத்தில் சொல்லவேண்டும்.

“ஊர்ப்பட்ட இடம் இருக்கு. எல்லாரும் அவங்கவங்க வீட்டு வாசல்ல கட்டச் சொல்லுவாங்க. உங்க கணக்குல எது வருதோ அதான். யாரும் வாயத் தொறக்க முடியாதபடி கொண்டாங்க,” என்றார் மேலாளர் தியாகராசன்.

இசைவாணி சரி என்றாள். அவளுக்குக் கணக்கில் நம்பிக்கை உண்டு. அவள் அப்பா வயலில் கூலி வேலை பார்த்தே அவளைப் பொறியியல் படிக்கவைத்தார். அந்தக் காலத்தில் கூலி எப்படிக் கணக்காகும், யார் எண்ணுவார்கள், எண்ணியதை யாரும் மறுத்துக் கேட்க முடியாது என்பதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள். ஆகவே, யார் போட்டாலும் ஒரே விடை வருகிற கணக்கின்மேல் அவளுக்கு ஒரு மரியாதை.

[இந்தப் பத்தியை அவள் அடிக்கச் சொன்னாள். “எனக்குச் சம்பளம் வருது, போடுறேன். அதுக்கெதுக்கு எங்க அப்பாவ இழுக்குற?” என்றாள். அடிக்கவில்லை. அவள் சொன்னதையும் சேர்த்துப் போட்டுவிட்டேன்.]

3

முறை எளிமையானது. ஒரு போர்வையைத் தரையில் விரித்து, பதினான்கு மூலைமுடுக்கில் பதினான்கு குழந்தைகளை உட்காரவைத்தால், கனமான குழந்தைகள் இருக்கும் பக்கம் போர்வை இழுபடும். எந்த ஊரிலிருந்து எத்தனை மூட்டை வருகிறதோ, அந்த ஊருக்கு அவ்வளவு கனம். எல்லா ஊர்களின் இழுப்பும் சமமாகிற ஒரு புள்ளி இருக்கும். அந்த இடத்தில் கிடங்கு கட்டினால் மொத்த ஓட்டம் குறைவு.

இசைவாணி நான் ஏற்றிவைத்திருந்த போன வருட ரசீதுப் பட்டியலை எடுத்தாள். நாலாயிரத்து இருநூறு மூட்டை. பெயர், ஊர், எடை. ஊர்களை வரைபடத்தில் குறித்து, மூட்டைகளால் பெருக்கி, கூட்டி, வகுத்தாள். விடை வந்தது. வரைபடத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“கவி, இங்க வா.”

போய்ப் பார்த்தேன். புள்ளி ஆற்றுக்குள் இருந்தது.

தியாகராசன் சாரிடம் காட்டினோம். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “ஆத்துல விழுந்தா என்ன, தூக்கிக் கரையில போடுங்க. ரெத்தினம் சார் வடகரையில ரோட்டோரமா ஒரு ஏக்கர் தர்றேங்கிறார். வாடகைகூட வேணாமாம். அவங்க அப்பா பேர போர்டுல போட்டாப் போதுமாம்.”

ரெத்தினம் எங்கள் ஐந்து இயக்குநர்களில் ஒருவர். வடகரைக்காரர். நிலம் பெரும்பாலும் தென்கரையில். மகன் மஸ்கட்டில். நல்ல மனிதர் என்றுதான் அவரை எழுதவேண்டும். கெட்டவராக எழுதினால் கதை சுலபமாகிவிடும்.

கணக்குப்படி வடகரை பொருந்தித்தான் வந்தது. மூவாயிரம் மூட்டை வடகரை ஊர்களில் இருந்து. தென்கரையில் ஆயிரத்து இருநூறுதான். இசைவாணி அறிக்கையை எழுத ஆரம்பித்தாள். எழுதுமுன் அந்த இடத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்று ஸ்கூட்டியை எடுத்தாள்.

4

“இசைவாணி ஆற்றங்கரையில் நின்று, ஓடும் நீரை நெடுநேரம் —”

[“நான் எங்க நெடுநேரம் பாத்தேன்? ஸ்கூட்டி பஞ்சர்,” என்றாள். சரி.]

ஸ்கூட்டி பஞ்சரானதால் இசைவாணி ஆற்றங்கரையில் நின்றாள். ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர். (எந்த ஆறு என்று கேட்காதீர்கள். தஞ்சாவூரிலிருந்து வலங்கைமானுக்குள் ஆறுகளுக்குப் பஞ்சமில்லை, ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.) குறுக்கே ஒரு நடைபாலம். எதிரும் புதிருமாக இரண்டு மொபெட் வந்தால் ஒன்று பின்வாங்கவேண்டிய அகலம். லாரி போகிற பாலம் கிழக்கே ஏழு கிலோமீட்டர் தள்ளி.

அறுவடை நேரம். தென்கரையிலிருந்து மொபெட்டுகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, நடுவில் ஓர் ஆள். வடகரையில் எங்கள் கம்பெனி லாரி நின்ற இடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போயின. மறுபடி வந்தன. இசைவாணி எண்ண ஆரம்பித்தாள். அரை மணி நேரத்தில் நாற்பத்தாறு மூட்டை.

நாற்பத்தேழும் நாற்பத்தெட்டும் வேம்புவின் மொபெட்டில் வந்தன. வேம்பு தென்கரைக்காரர், ஐம்பது வயது, அவரும் எங்கள் இயக்குநர்களில் ஒருவர். இயக்குநர்களிலேயே மூட்டை தூக்குகிறவர் அவர் ஒருவர்தான்.

“என்ன இசை, வண்டிய நிறுத்திட்டு ஆத்துக்குக் காவல் இருக்கியா?”

“இல்லக்கா. கிடங்குக்கு இடம் பாக்க வந்தேன்.”

“எங்க?”

இசைவாணி தண்ணீரைக் காட்டினாள். வேம்பு மூட்டையை இறக்காமல் சிரித்தார். “நல்ல எடந்தான். வாடகைய மீனுகிட்ட வாங்கிக்கலாம். நம்ம நெல்லுக்கு ஈரப்பதம் அதிகம்னு இனிமே ஒருத்தன் சொல்ல மாட்டான்.”

“அக்கா, இன்னைக்கு இது எத்தனாவது நடை?”

“முப்பத்தொண்ணு. அம்பத்தொம்போதாவது மூட்டைல போன வருசம் இடுப்புப் பிடிச்சிக்கிச்சு. இந்த வருசம் தாண்டிட்டேன் பாரு.”

இசைவாணி கைப்பேசியில் பட்டியலைத் திறந்தாள். வேம்பு, தென்கரை, முப்பது மூட்டை. “உங்க பேர்ல போன வருசம் மொத்தமே முப்பதுதானே இருக்கு?”

“முப்பதுதான். அது என் சொந்த மூணு மாவுல வெளைஞ்சது.”

“மத்தது?”

“மத்த நூத்தி இருபது ரெத்தினம் ஐயா பேருல போவும். பன்னெண்டு மா அவங்களுதுதானே. சிட்டா யாரு பேருல இருக்கோ அவங்க பேருல ரசீது. நான் வாய்க் குத்தகை. வாய்ல இருக்கிறது தாள்ல வருமா?”

மூன்று மா ஓர் ஏக்கர். பன்னிரண்டு மா நாலு ஏக்கர். வேம்புவின் வீடு ஓடுவது அந்த நாலு ஏக்கரில்.

5

பிழை எங்கே என்று இசைவாணிக்கு அந்தப் பாலத்தடியிலேயே தெரிந்துவிட்டது. பட்டியலில் நூற்றிருபது மூட்டைக்கு நேரே இருந்தது: ரெத்தினம், வடகரை. நெல் விளைந்தது தென்கரையில். நெல்லின் விலாசம் வடகரை. வேம்பு மாதிரி எத்தனை பேர்? வாய்க் குத்தகைக்குப் பயிர் வைக்கிற தென்கரைக்காரர்கள் எல்லாருடைய மூட்டையும் பட்டியலில் நிலம் வைத்திருப்பவர்களின் வீட்டு வாசலிலிருந்து கிளம்பியிருந்தது. கனமான குழந்தைகளை இடம் மாற்றி உட்காரவைத்துவிட்டு, போர்வை எங்கே இழுபடுகிறது என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கதையின் முதல் வரைவில் இந்தப் பிழையை இசைவாணி செய்ததாக எழுதியிருந்தேன். பட்டியலை அவள் சரிபார்த்திருக்கவேண்டும் என்று ஒரு வரிகூட இருந்தது.

அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தது நான்.

‘ஊர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. சிட்டா நகலில் இருந்த விலாசத்தைப் பார்த்து நிரப்பினேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஒருவருடைய விலாசம் மஸ்கட் என்று இருந்தது. அதைப் பார்த்து மட்டும் சிரித்துவிட்டு, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். மஸ்கட்டில் நெல் விளையாது என்று தெரிந்த எனக்கு, தஞ்சாவூர் அருளானந்த நகரிலும் விளையாது என்று தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் நூற்றெழுபதாவது வரி: வைத்தியலிங்கம், எண்பத்து நான்கு மூட்டை. அவர் என் அப்பா. வயலில் இறங்கி ஒன்பது வருடமாகிறது.

இசைவாணி சொன்ன மறுநாள் காலை, அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

“நம்ம நிலத்துல யாருப்பா பயிர் வைக்கிறா?”

“முருகையன்தான். ஏன்?”

“லிஸ்ட்ல உங்க பேருல்ல இருக்கு?”

“சிட்டா என் பேருல இருக்கு. வேற எவன் பேர போடுவ?” பேப்பரைத் தாழ்த்தினார். “ஆமா, யாரு கேட்டா?”

“யாரும் கேக்கல. நாந்தான்.”

“நீ கதப்புஸ்தகம் படி. அதுல இதெல்லாம் வராது,” என்று பேப்பரை உயர்த்திக்கொண்டார்.

அப்பா சொன்னது உண்மையில்லை. நான் படித்த நாவல்களில் இதெல்லாம் நிறைய வந்திருக்கிறது. வேறு நாட்டு வயல்கள், வேறு தானியம், உச்சரிக்க முடியாத பெயருள்ள குடியானவர்கள். அவர்களுக்காக நான் அழுதிருக்கிறேன். ஆனால் முருகையனின் மகள் பெயர் எனக்குத் தெரியாது.

6

இசைவாணி ஒரு வாரம் தென்கரை வரப்புகளில் திரிந்தாள். போன வருடம் மூட்டை பிடித்த வயல் எது, எத்தனை மூட்டை என்று ஒவ்வொரு களத்திலும் கேட்டுக் குறித்தாள். திரும்பக் கணக்குப் போட்டாள். தென்கரை இரண்டாயிரத்து எழுநூறு. வடகரை ஆயிரத்து ஐந்நூறு. புள்ளி ஆற்றைவிட்டு ஏறி, தென்கரைக்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் போய், பஞ்சாயத்துக்குச் சொந்தமான ஒரு மேட்டில் நின்றது.

இன்னொன்றும் தெரிந்தது. தென்கரையில் விளைவதில் கால்வாசி எங்கள் லாரிக்கு வருவதே இல்லை. பாலத்தைத் தாண்டிச் சுமக்க முடியாதவர்கள் களத்துக்கே வந்து வாங்கும் வியாபாரிக்கு விற்றுவிடுகிறார்கள், அவர் சொல்லும் விலைக்கு. வயலிலிருந்து லாரி வரைக்குமான தூரம் யாருடைய கணக்கிலும் இல்லை. அது வேம்புவின் இடுப்பில் இருந்தது.

இதுவரை எல்லாம் சரியாகப் போகிறது. இங்கே நிறுத்தினால் இது ஒரு நல்ல கட்டுரை: தரவைச் சரிபாருங்கள், களத்துக்குப் போங்கள், சுபம்.

ஆனால் மானிய விண்ணப்பத்தில் பின்னிணைப்பு மூன்று என்று ஒன்று இருக்கிறது. கிடங்கைப் பயன்படுத்தப்போகும் உற்பத்தியாளர் பட்டியல்: பெயர், சர்வே எண், மூட்டை. வடகரைக்கு இருக்கிற பட்டியல் போதும். தென்கரை என்றால், வடகரை விலாசமுள்ள பட்டியல் செல்லாது; அங்கே பயிர் வைப்பவர்களின் பெயர் வேண்டும். வேம்பு, பன்னிரண்டு மா, இன்ன சர்வே எண். அரசாங்கத் தாளில்.

எங்கள் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பயம் உண்டு. தாளில் குத்தகைக்காரர் பெயர் ஏறிவிட்டால் நிலம் திரும்பி வராது என்பார்கள். ஆகவே பெயர் ஏறும் என்று தெரிந்தால் அதற்கு முன்பே நிலத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். வாயால் கொடுத்தது, வாயால் வாங்கிக்கொள்ளலாம்.

இசைவாணி இதை வேம்புவிடம் சொல்லப் போனாள். வேம்பு களத்தில் பதர் தூற்றிக்கொண்டிருந்தார்.

“பேரு போடாம, வயல மட்டும் போட முடியாதா?”

“மானிய ஆபீஸ்ல கேட்டுப் பாத்துட்டேங்க்கா. ஒத்துக்க மாட்டேங்கிறாங்க.”

வேம்பு முறத்தைக் கீழே வைத்தார். “அப்ப இந்தப் பக்கம் கிடங்கு வந்தா எனக்குச் செமக்கிற வேல மிச்சம். செமக்கிறதுக்கு நெல்லு இருக்குமாங்கிறதுதான் கேள்வி.”

“நான் பழைய கணக்கையே கொடுத்துடட்டுமா?”

“ஏன், தப்புக் கணக்கு கொடுக்கவா உங்கப்பன் படிக்கவெச்சான்? நீ சரியாப் போடு. பேர நான் யோசிக்கிறேன்.”

7

கூட்டம் மாசி இருபத்திரண்டாம் தேதி, காலை பதினொரு மணி. டீயும் கீரை வடையும் வந்திருந்தன. நான் ஓரத்தில் மினிட்ஸ் புத்தகத்துடன் உட்கார்ந்திருந்தேன். ரெத்தினம் வேம்புவைப் பார்த்து, “வாங்க, உக்காருங்க” என்றார். வயலில் என்றால் “வா வேம்பு” என்பார். வேம்புவும் வயலில் ஐயா என்பவர், இங்கே சார் என்பார். இரண்டு பேருக்கும் இரண்டு மொழி தெரியும்.

இசைவாணி புதிய வரைபடத்தைத் திரையில் போட்டாள்.

“போன தடவ ஆத்துல கெடந்த புள்ளி இப்ப நீந்திக் கரையேறிடுச்சுங்கிறீங்க,” என்றார் தியாகராசன்.

“ஆமா சார். தென்கரையில.”

“நெல்லும் அதே நெல்லு, ஆறும் அதே ஆறு. புள்ளி மட்டும் எப்படிம்மா நகரும்?” என்று கேட்டார் ரெத்தினம். குரலில் கோபமில்லை.

“முதல்ல, மூட்டை யார் பேருல இருக்கோ அவங்க வீட்லேருந்து வர்றதா போட்டிருந்தேன் சார். இப்ப எந்த வயல்ல மூட்டை பிடிச்சாங்களோ அங்கேருந்து போட்டிருக்கேன்.”

ரெத்தினம் வடையைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“கணக்கு சரிம்மா. நான் மறுக்கல. என் நிலத்த வேம்பு பாக்குதுன்னு இங்க யாருக்குத் தெரியாது? நானே சொல்றேன், எத்தன தடவ வேணும்னாலும் சொல்றேன். ஆனா எழுதணுமா?”

“பட்டியல் இல்லாம தென்கரைக்கு மானியம் வராது சார்,” என்றார் தியாகராசன்.

“எங்க சித்தப்பா பையன் வலங்கைமான் பக்கம் ஒரு தாள்ல பேரு எழுதிக் கொடுத்தான். பன்னெண்டு வருசமா கேஸு நடக்குது. நான் வேம்பச் சொல்லல. வேம்பு தங்கம். வெள்ளத்துல நாத்து போனப்ப நான் குத்தக வாங்கல, கேட்டுப் பாருங்க. நான் தாளச் சொல்றேன்.” என் பக்கம் திரும்பினார். “எழுதுறதா இருந்தா, அடுத்த போகத்துலேருந்து நானே பாத்துக்கவேண்டியதுதான். எனக்கு வேற வழி தெரியல.”

என் பேனா புத்தகத்தின் மேல் இருந்தது. இசைவாணி வேம்புவைப் பார்த்தாள். வேம்பு என் பேனாவைப் பார்த்தார்.

இந்த இடத்தில்தான் அந்த இரண்டு வரி.

8

இந்தக் கதைக்கு எழுதிப்பார்த்த முடிவுகளை வரிசையாகப் போடுகிறேன்.

அ. இசைவாணி பெயர்களைப் படிக்கிறாள். நான் எழுதுகிறேன். கிடங்கு தென்கரையில் வருகிறது. மொபெட்டுகள் பாலம் ஏறுவதில்லை. சித்திரையில் ரெத்தினம் வேம்புவின் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே, வருத்தத்தோடு, இரண்டு வாக்கியம் பேசிவிட்டுப் போகிறார். அவர் வருத்தம் நிஜம்.

ஆ. “தரவுல பிழை சார், திரும்பப் பாக்குறேன்,” என்கிறாள் இசைவாணி. கிடங்கு வடகரையில் வருகிறது. வாசல் போர்டில் ரெத்தினத்தின் அப்பா பெயர். வேம்பு அறுபதாவது மூட்டையைப் பாலத்தில் ஏற்றுகிறார். அந்த வருடத்துக்குப் பிறகு இசைவாணி எந்தக் கணக்கையும் ஒருமுறைக்கு மேல் சரிபார்ப்பதில்லை.

இ. யாரும் பேசுமுன் வேம்பு என்னைப் பார்த்துச் சொல்கிறார்: “எழுதுங்க.”

அவ்வளவுதான். ஒரே சொல். அதற்குப் பிறகு ஒரு வெள்ளைப் பக்கம். நான் படித்த நாவல்கள் பலவற்றில் இப்படித்தான் ஒரு மனிதர் எழுந்து நிற்பார். புத்தகத்தை மூடி மார்பில் வைத்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆகவே இதைத்தான் முடிவாக வைத்தேன். நான்கு முறை திருத்தினேன். ‘எழுதுங்க’ என்பதற்கு முன் ஒரு சின்ன மௌனம் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன்.

(உண்மையில் அந்த இடத்தில் வேம்பு என்ன சொன்னார் என்று நீங்கள் கேட்கலாம். அதைத்தான் நான் எழுதவில்லை. அன்றும் எழுதவில்லை.)

9

ஆடி மாதம் வேம்பு காலிச் சாக்கு வாங்க அலுவலகத்துக்கு வந்தார். ஸ்டோர் சாவி வர நேரமானது. டீ சொன்னேன். பிறகு, எங்கிருந்தோ வந்த தைரியத்தில், ஒரு கதை எழுதியிருக்கிறேன், அதில் நீங்கள் வருகிறீர்கள், படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

“என்னப் பத்தியா? நல்லாத் திட்டியிருப்பியே.”

“இல்லங்க்கா.”

“அப்ப படி.”

படித்தேன். மீனிடம் வாடகை வாங்கும் இடத்தில் சிரித்தார். “இத நான் சொன்னனா? பரவாயில்லயே.” என் அப்பா வரும் இடத்தில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். கடைசியில், மௌனத்தையும் மௌனமாகவே படித்து, ‘எழுதுங்க’ என்று முடித்தேன்.

வேம்பு தம்ளரைக் கீழே வைத்தார்.

“எழுதுங்கன்னுட்டாளா?”

“ஆமாங்க்கா.”

“நல்ல தைரியக்காரிதான்.” என் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார். “அப்புறம் சம்பாவுக்கு எங்க நாத்து விட்டா?”

கேலி என்று நினைத்துச் சிரித்தேன்.

“இல்ல பாப்பா, நெசமாத்தான் கேக்குறேன். மூணு மாவுல நாத்து விட்டா நடுறதுக்கு எடம் வேணும். பன்னெண்டு மா போச்சு. அவ என்ன பண்ணுனா? அத எழுதலயே நீ.”

“அதோட கதை முடிஞ்சிடுதுங்க்கா.”

“உனக்கு முடிஞ்சிடுது,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாவி வந்துவிட்டது. சாக்குகளை எண்ணி வாங்கிக்கொண்டார், ஒன்று கிழிந்திருந்ததை மாற்றச் சொன்னார், மொபெட்டின் பின்னால் கட்டினார். கிளம்புமுன் ஜன்னலருகே வந்தார். “கத நல்லாத்தான் இருக்கு. ஆனா எம் பேரப் போடாத.”

நான் அந்த முடிவை வெட்டினேன். வேம்பு எழுந்து நிற்பதில் எனக்கு ஒரு செலவும் இல்லை. அழகெல்லாம் என் பக்கம் இறங்கியது. சுமை முழுக்க அவர் மொபெட்டில் போனது. இப்படிப்பட்ட கணக்கைத்தான் இசைவாணி ஒரு வாரம் வரப்பில் அலைந்து திருத்தினாள்.

10

வேம்பு என்பது அவர் பெயரில்லை. ரெத்தினமும் அப்படியே. இடத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றிய ஒரு கதையில் அந்தப் பதினான்கு ஊர்களில் ஒன்றின் பெயர்கூட ஏன் சொல்லப்படவில்லை என்று யோசித்திருந்தால், காரணம் இதுதான்.

கிடங்கு கட்டியாயிற்று. பச்சைத் தகரக் கூரை. எந்தக் கரை என்று சொன்னால், கூட்டத்தில் பெயர்கள் எழுதப்பட்டனவா இல்லையா என்று சொன்னதாகும். வாய்க் குத்தகை இன்னும் எத்தனையோ வீட்டில் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் இருக்கிறது. என் அப்பாவிடம் மறுபடி கேட்டேன். “அது வேற விஷயம்,” என்றார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முருகையனின் மகள் பெயர் பிரகதீஸ்வரி. பிளஸ் டூ படிக்கிறாள்.

மினிட்ஸ் புத்தகத்தில் தீர்மானம் முழுதாக இருக்கிறது. தணிக்கையாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இங்கே மட்டும் அதை இப்படி நகலெடுக்கிறேன்:

“பொருள் 4. விவாதத்திற்குப் பின், புதிய கிடங்கை (                ) கரையில் அமைப்பதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.”

அடைப்புக்குறிக்குள் எழுதப்போகிறவர், வேம்புவின் நாற்றை நட ஓர் இடம் பார்த்துவிட்டு எழுதவும்.